நேரம் இருந்தால் காற்றுக் கோபுரம்

1

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் உட்கார்ந்தது இந்தக் கதையை எழுத அல்ல. சென்னையிலிருந்து ஒரு பயண இதழின் ஆசிரியர் கட்டுரை கேட்டிருந்தார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'பாலைவன வணிக நகரம் யஸ்த்: இரண்டு நாள் கலாசாரப் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி?' "நீங்க அங்கேயே இருக்கீங்க சார், உங்களுக்கு என்ன, கண்ண மூடிக்கிட்டு எழுதலாம்" என்றார்.

நான் இருப்பது ஈரானில், இஸ்ஃபஹான் நகரத்தில். காலையில் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு யஸ்த் போய்விடலாம். இருபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் குப்பை கொட்டியும் நான் போனதில்லை. ஆகவே ஆசிரியர் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியாக வேண்டும்.

கண்ணை மூடினால் காது சும்மா இருக்குமா? எங்கள் கட்டடத்தில் எந்தச் சமையலறையில் பேசினாலும் மாடிப்படி வழியாக என் மேசைக்கு வந்து சேரும். இரண்டாம் மாடியில் யஸ்துக்குத்தான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டுரையை ஓரம் கட்டிவிட்டு அதைக் கேட்க ஆரம்பித்தேன்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். குணங்களை மாற்றவில்லை. அதையும் மாற்றிவிட்டால் என்னிடம் சண்டைக்கு யார் வருவார்கள்?)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பொன்மணலின் மேல் சூரியன் மெல்ல மெல்ல'

வேண்டாம். இந்தப் பக்கத்துச் சூரியன் எதையும் மெல்லச் செய்வதில்லை.

இரண்டாம் முயற்சி: 'பட்டும் குங்குமப்பூவும் சுமந்த ஒட்டகங்கள் ஒருகாலத்தில் இளைப்பாறிய அந்த நகரத்தின்'

ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடிக்கும். அதனாலேயே அடித்துவிட்டேன்.

மூன்றாம் முயற்சி: 'மஹ்லகா வேலை பார்த்த காலமெல்லாம் யஸ்தைக் குச்சியால் தொட்டுக்கொண்டே இருந்தாள்.'

இது இருக்கட்டும். இரண்டாம் மாடி மஹ்லகா பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வருடா வருடம் யஸ்த் பாடம் வரும். சுவரில் தொங்கும் வரைபடத்தில் குச்சியை வைப்பாள். கரும்பலகையில் காற்றுக் கோபுரம் வரைவாள். மேலே போகிற காற்றைக் கோபுரம் பிடித்து, உள்ளே இறக்கி, கீழே உள்ள தண்ணீர்த் தொட்டியின் மேல் தவழவிட்டுக் கூடத்துக்கு அனுப்பும். வெளியே கல்லும் உருகுகிற வெயிலில் உள்ளே மனிதர்கள் கம்பளி தேடுவார்கள். இப்படியெல்லாம் சொல்லி முடித்ததும் ஒருநாள் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், அந்தக் காத்து எப்படி இருக்கும்?"

"குளிர்ச்சியா இருக்கும்" என்றாள் மஹ்லகா.

அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். மஹ்லகாவால்தான் உட்கார முடியவில்லை. அவள் அந்தக் காற்றின் கீழ் ஒரு நாளும் நின்றதில்லை. புத்தகத்தில் 'குளிர்ச்சி' என்று போட்டிருந்தது, அவளும் சொன்னாள். ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு மக்கா ஆசை இல்லை, துபாய் ஆசை இல்லை. அந்தக் கோபுரத்தின் அடியில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு சின்ன ஆசை, நான்கு மணி நேரத் தூரம், வீட்டு வாசலில் சொந்தக் கார். அப்புறம் ஏன் போகவில்லை? இங்கேதான் கதை இருக்கிறது.

3

இந்த ஊரில் தாரோஃப் என்று ஒன்று உண்டு. நம் ஊர்ப் பந்தியில் பாயசம் வந்தால் "போதும், போதும்" என்று இலைமேல் கையை விரிக்கிறோமே, விரல்களுக்கு நடுவே இடமும் விட்டு, அது ஞாபகம் இருக்கிறதா? அதை ஒரு நாடு முழுவதும், காலை முதல் இரவு வரை, கதவு திறப்பதிலிருந்து கல்யாணம் வரை செய்வதுதான் தாரோஃப். கொடுப்பவர் மூன்று தரம் வற்புறுத்த வேண்டும். பெறுபவர் இரண்டு தரம் மறுக்க வேண்டும். மனதில் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். அதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.*

* என் மைத்துனன் சென்னையிலிருந்து வந்தபோது டாக்சிக்காரர் "காசு எதுக்குங்க, நீங்க நம்ம விருந்தாளி" என்றிருக்கிறார். இவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டான். அந்த மனிதர் இரண்டு தெரு துரத்திவந்தார்.

பயணத் திட்டம் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? மஹ்லகாவும் கணவர் ஹெஷ்மத்தும் மட்டும் போவதாகத்தான் பேச்சு. ஹெஷ்மத் நல்ல மனிதர், ஆனால் வாய் அடங்காது. அக்காள் புரானுக்கு போன் போட்டுச் செய்தி சொன்னார். செய்தியை மட்டும் சொன்னால் அது மரியாதையா?

"நீங்க இல்லாம எங்களுக்கு யஸ்த் எதுக்குக்கா? வாங்களேன்."

"அய்யோ, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு தம்பி. நீங்க சின்னஞ்சிறுசுங்க, போயிட்டு வாங்க." (சின்னஞ்சிறுசுகளுக்கு இரண்டு பேரன்கள்.)

"தொந்தரவா? நீங்க வந்தா உங்க காலடி எங்க கண்ணு மேல."

"இல்ல தம்பி, முடியவே முடியாது."

இங்கே நிறுத்தியிருக்கலாம். மஹ்லகா பக்கத்தில் நின்று கையால் 'போதும்' என்று காட்டினாள். ஹெஷ்மத்துக்குக் கண் இருந்தது, நாக்கு நிற்கவில்லை. "நீங்க வரலேன்னா நாங்களும் போகலை" என்றார். மூன்றாவது தரம்.

"அப்ப உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் வர்றேன்" என்றாள் புரான். கூடவே அவள் கணவரும். (இவருக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டேன். இரண்டு வரைவு எழுதிய பிறகுதான் கவனித்தேன். அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை, அதனால் குறையும் தெரியவில்லை. இப்படியே இருக்கட்டும்.)

மஹ்லகாவை மட்டும் உத்தமி என்று சொல்ல முடியாது. மூன்றாம் மாடி தலாத் கானும் (இங்கே 'கானும்' என்றால் அம்மா, 'ஆகா' என்றால் ஐயா, செல்லமானவர்களுக்கு 'ஜான்') ஒரு கிண்ணம் நிறையக் கீரைக் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தாள். கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாதே என்று மஹ்லகா அதில் பேரீச்சம்பழம் நிரப்பிக்கொண்டு மேலே போனாள். போனவள் சும்மா வந்திருக்கலாம். "யஸ்துக்குப் போறோம், உங்களுக்கு இனிப்பு வாங்கிட்டு வர்றேன்" என்றாள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் தலாத். "அப்ப நீங்களே வந்து பிடிச்சதா வாங்கிக்கோங்களேன்." மூன்று சுற்றில் தலாத் காரில் ஏறிவிட்டாள்.

தரைத்தளத்து மொஃபீத் ஆகா, மருந்துக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர், முற்றத்தில் ஹெஷ்மத் டயருக்குக் காற்றடிப்பதைப் பார்த்து "எங்கேயாவது பயணமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், பாவம்.

எண்ணிப் பாருங்கள். ஹெஷ்மத், புரான், பெயரில்லாதவர், தலாத், மொஃபீத். கார் நிறைந்துவிட்டது. மஹ்லகாவை நான் இன்னும் ஏற்றவில்லை.

4

திட்டக் கூட்டம் ஹெஷ்மத் வீட்டில் நடந்தது. ஆசிரியர் கேட்ட கட்டுரைக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது என்பதால் அப்படியே தருகிறேன். தேநீர் கொதித்தது, பூசணி விதைகள் உடைந்தன, கலாசாரம் முதல் பேச்சாக வந்தது.

"இது வெறும் ஊர் சுத்தறது இல்ல. கலாசாரப் பயணம்" என்றார் ஹெஷ்மத்.

"அதனாலதான் சொல்றேன், முதல்ல இனிப்புக் கடை" என்றாள் புரான். "லேட்டாப் போனா வரிசை தெருக்கோடி வரைக்கும் நிக்கும். பாதாம் வச்ச இனிப்பு முதல்ல தீந்துடும்."

"எனக்கு ஜரிகைத் துணி பாக்கணும்" என்றாள் தலாத். "மகளுக்குக் கல்யாண வயசு. ஆனா என்னைப் பத்தி யோசிக்காதீங்க, நான் எங்கேயாவது ஓரமா நின்னுக்கறேன்."

"அதெப்படி, உங்க துணிக்குத்தானே போறோம்" என்றாள் புரான்.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றார் மொஃபீத். "சும்மா ஒரு மூலிகைக் கடை. அரை நாள் போதும்."

"அக்னிக் கோயில்?" என்றாள் தலாத்.

"வாசல்ல ஒரு போட்டோ" என்றாள் புரான்.

"மதியம் கபாப். அதுக்கப்புறம் ஒரு தூக்கம். அதுவும் அந்த ஊர்க் கலாசாரம்தான்" என்றார் ஹெஷ்மத்.

மஹ்லகா தேநீர்க் கோப்பைகளை நிரப்பிக்கொண்டே சொன்னாள்: "அங்க ஒரு தோட்டத்து மாளிகையில அந்தக் காத்துக் கோபுரம் இருக்கு. அதை..."

"ஆமாமா, கண்டிப்பா" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். "நேரம் இருந்தா."

பெயரில்லாதவர் ஒரு விதையை உடைத்தார்.

அப்போதுதான் மொஃபீத் தலைகளை எண்ணினார். மருந்து எண்ணிப் பழகிய கை. "அஞ்சு பேர் வண்டி. நாம ஆறு பேர் இருக்கோமே. நான் நின்னுடறேன்" என்றார். தலாத் தான் நிற்கிறேன் என்றாள். புரான் தன் இடத்தையும் கணவர் இடத்தையும் சேர்த்தே தானம் செய்தாள். ஒவ்வொருவரும் இன்னொருவர் உயிர் மேல் சத்தியம் செய்தார்கள். இந்தச் சத்தியங்களெல்லாம் பலித்திருந்தால் அந்தக் கூடத்தில் ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

"என்னத்துக்கு இவ்வளவு பேச்சு?" என்றாள் மஹ்லகா. "நான் அப்புறம் ஒருநாள் போய்க்கறேன்."

எல்லோரும் மறுத்தார்கள். ஆனால் இரண்டே தரம்தான். கவனித்தீர்களா? நான் மாடிப்படியில் நின்று எண்ணினேன்.

5

இங்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மஹ்லகா என்ற இந்தப் பாத்திரம் நம்பும்படி இருக்கிறாளா? கோழையும் இல்லை, வாயில்லாப் பூச்சியும் இல்லை. முப்பது பெண்பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவள். பள்ளிக்கு அந்தக் காரை ஓட்டிப்போனதும் அவள்தான். ஹெஷ்மத் ஓட்டினால் மூன்றாவது கியரைத் தாண்டமாட்டார். அப்படிப்பட்டவள் ஏன் தன் இடத்தைத் தூக்கிக் கொடுக்கிறாள்?

[ஒரு பத்தியை இங்கே அழித்திருக்கிறேன். பெண்களின் தியாகத்தைப் பற்றி அழகாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே குமட்டியது.]

உண்மை இதுதான். அவள் கொடுக்கவில்லை. யாராவது "அதெல்லாம் முடியாது, ஏறு" என்று மூன்றாவது தரம் சொல்வார்கள் என்று காத்திருக்கிறாள். போன வருடம் மகன் குடும்பம் வந்தபோதும் காத்திருந்தாள். அதற்கு முன்னால் புரானின் மாமியார் வந்தபோதும் காத்திருந்தாள். ஒவ்வொரு தரமும் வண்டி போய்விட்டது. ஒவ்வொரு தரமும் அவள் வாசலில் நின்று, பயணம் போகிறவர்கள் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று வண்டிக்குப் பின்னால் கிண்ணத்துத் தண்ணீரை வீசி ஊற்றினாள். இந்த ஊர் வழக்கம் அது. வீட்டில் தங்குகிறவர்தான் ஊற்ற வேண்டும். திரும்பி வந்தவர்கள் இனிப்புப் பெட்டியை நீட்டி "உன்னை நினைக்காத நேரமில்ல" என்றார்கள்.

சொல்லக் கூடாது, சொல்கிறேன்: இதை எழுதும்போது எனக்குக் கோபம் வந்தது. மற்றவர்கள் மேல் இல்லை, மஹ்லகா மேல்.

6

கிளம்புகிற காலை. சந்தில் கார் நிற்கிறது. முன்னிருக்கையில் யார் உட்காருவது என்பதில் புரானும் மொஃபீதும் தேநீர் ஆறுகிற நேரம் மோதிவிட்டு, கடைசியில் புரான் உட்கார்ந்தாள். பின்னால் மூன்று பேர். டிக்கியில் பைகள், சாப்பாட்டுக் கூடை, கோழி வறுவல், ரொட்டி, வெள்ளரிக்காய். மஹ்லகாதான் விடியலில் எழுந்து எல்லாவற்றையும் செய்தாள். அவள் கையில் தண்ணீர்க் கிண்ணம். தண்ணீரில் ரெண்டு துளசி இலை மாதிரி ஏதோ மிதக்கிறது. (ஆரஞ்சு இலையாம். இப்போதுதான் விசாரித்தேன்.)

"மனசு கேக்கவே இல்ல மஹ்லகா" என்றாள் புரான், சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "என் இடத்துல நீ வா."

"இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க."

"அதெப்படி?" புரான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள். அவள் இறங்கினால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? தலாத் இறங்கினாள். மொஃபீத் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பெயரில்லாதவரும் இறங்கினார். "என் இடம்", "இல்ல, என் இடம்" என்று சந்து முழுக்க இடம் கிடந்தது. மூன்று கதவும் திறந்த காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஹெஷ்மத் மட்டும் மிஞ்சினார். பின்னால் வந்த ரொட்டிக்கடைப் பைக் ஒன்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

ஹெஷ்மத்துக்கு இது கௌரவப் பிரச்சினை. வீட்டுத் தலைவர் அவர். எல்லோரும் ஆளுக்கோர் இருக்கை கொடுக்கும்போது அவர் அதைவிடப் பெரிதாய் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அவரும் இறங்கினார். சாவியை உள்ளங்கையில் வைத்து மனைவி முன் நீட்டினார்.

"எதுக்கு வம்பு? முழு வண்டியும் உனக்குத்தான் மஹ்லகா ஜான். நீ ஒருத்தியே போய்ட்டு வா. நாங்க எல்லாரும் இங்கேயே இருக்கோம். உன்னைவிட எங்களுக்கு யஸ்தா பெருசு?"

"அதானே" என்றார்கள் எல்லோரும்.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ) மஹ்லகா சிரித்து மறுக்கிறாள். எல்லோரும் ஏறுகிறார்கள். தண்ணீர் ஊற்றுகிறாள். இனிப்புப் பெட்டி வருகிறது. இதுதான் நடப்பது. ஒவ்வொரு வருடமும் நடந்ததை நானும் ஒரு தரம் நடத்த வேண்டுமா?

ஆ) புரானுக்குத் திடீரென்று காய்ச்சல், ஓர் இடம் காலி. முயன்று பார்த்தேன். காய்ச்சலோடு வந்து உட்காருகிறாள், வராவிட்டால் தம்பி மனசு நோகுமாம்.

இ) இரண்டாவது கார் ஒன்று. எந்தக் காரில் யார் என்று பேசி முடிப்பதற்குள் பனிக்காலம் வந்துவிடும்.

ஆகவே முடிவை உங்களிடமே ஒப்படைக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்கிறீர்கள்: 'அதெப்படி, நீங்கதானே எழுத்தாளர்.'

இல்லை இல்லை, இவ்வளவு தூரம் கூடவே வந்தவர் நீங்கள். உங்கள் உரிமை.

'உங்களுக்குத் தெரியாததா, நீங்களே சொல்லுங்க.'

என் உயிர் மேல் ஆணை, நீங்கள்தான்

8

"சரி" என்றாள் மஹ்லகா.

நீங்களும் நானும் மரியாதை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் முடிவை எடுத்துக்கொண்டுவிட்டாள். ஹெஷ்மத் கையிலிருந்த சாவியையும்.

அந்தச் சந்தில் இப்படி ஒரு விஷயம் முன்பு நடந்ததில்லை. முதல் தரம் கேட்டதற்கே ஒருத்தி சரி என்று சொன்னாள்.

"சரின்னா?" என்றார் ஹெஷ்மத்.

"சரின்னா சரிதான். உங்க பெரிய மனசு யாருக்கு வரும்?" தண்ணீர்க் கிண்ணத்தை அவர் கையில் வைத்தாள்.

ஹெஷ்மத் புரானைப் பார்த்தார். புரான் தலாத்தைப் பார்த்தாள். எல்லோரும் எல்லோரையும் சாட்சி வைத்துச் சொன்ன சொல், எப்படித் திரும்ப வாங்குவது? அதற்கு இந்த நாட்டில் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

"சாப்பாட்டுக் கூடைய வேணும்னா இறக்கி..." என்று தலாத் ஆரம்பித்து, அது அநாகரிகம் என்று பட, "வேண்டாம் வேண்டாம், வழியில உங்களுக்குப் பசிக்கும். நீங்களே வச்சுக்கோங்க" என்று முடித்தாள்.

"சரி" என்றாள் மஹ்லகா.

பெயரில்லாதவர் மட்டும் டிக்கியைத் திறந்து தன் பையை எடுத்தார். அப்புறம் மற்றவர்களின் பைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்து, டிக்கியைச் சாத்தினார். மஹ்லகா கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கியர் போட்டாள்.

கார் நகர்ந்தது. "தண்ணி, தண்ணி" என்றாள் புரான். ஹெஷ்மத் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். "அக்கா, மூத்தவங்க நீங்க ஊத்துங்க."

"நான் எதுக்கு, நீதானே புருஷன்."

"மொஃபீத் ஆகா, நீங்க?"

"அய்யோ, நான் யாரு, தலாத் கானும் இருக்கறப்ப?"

கார் சந்துமுனையில் திரும்புகிற நேரம் பெயரில்லாதவர் கிண்ணத்தை வாங்கி, கை வீசி, ஆரஞ்சு இலையோடு ஊற்றினார். இவருக்கு ஒரு பெயர் வைத்தே தீர வேண்டும்.

மதியம் தாண்டி மாடிப்படியில் போன் அடித்தது. ஹெஷ்மத் ஒலியைப் பெரிதாக்கியிருந்தார். போகாத ஐந்து பேரும் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கபாப் வாங்கிவந்து சாப்பிட்டிருக்கிறார்கள், வாசனை என் அறைவரை வந்தது.

"எங்கே இருக்கே?"

"கீழே. கோபுரத்துக்கு நேர் கீழே."

"இனிப்புக் கடை?" என்றாள் புரான்.

"நேரம் இருந்தா."

ஹெஷ்மத் மற்றவர்கள் காதில் விழாதது மாதிரி குரலைத் தணித்துக் கேட்டார்: "காத்து எப்படி இருக்கு மஹ்லகா?"

"ஸ்கூல்ல நான் குளிர்ச்சியா இருக்கும்னு சொன்னேன். அது இல்லீங்க. அது வந்து

இந்த வாக்கியம் என்னிடம் இல்லை. நான் அந்தக் கோபுரத்தின் கீழ் நின்றதில்லை. 'குளிர்ச்சியாக இருக்கும்' என்று எழுதி அனுப்பினால் ஆசிரியர் ஏற்றுக்கொள்வார். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் உட்கார்ந்தது போல நீங்களும் உட்கார்ந்துவிடுவீர்கள். எழுதினேன், அடித்துவிட்டேன்.

அதனால் மீதி வாக்கியம் உங்களுக்கு. போய் நின்று பார்த்து முடித்துக்கொள்ளுங்கள். இதை நான் மரியாதைக்குச் சொல்லவில்லை, ஒரு தடவைதான் சொல்வேன்.